வளையம் விழாத தட்டு

அகுஸ்தேன் மாமா சாக வேண்டும் என்று எட்டு மாதம் செபம் செய்தவள் நான். கோயிலில் முழங்கால் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, நன்மை அப்பம் வாங்குகிற அதே வாயால். பாவசங்கீர்த்தனத்தில் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் மன்னித்துவிடு என்பார். மன்னிக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

என் மகள் எலென் ஒன்பது வயதில் போனாள். எழுபத்தொன்றாம் வருடம், ஜனவரி மாதம். காய்ச்சலும் கழிச்சலுமாக ஆரம்பித்து ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. சைகோனில் அந்த மாதிரிக் காய்ச்சலுக்கு அப்போது எல்லா டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற மருந்து குளோராம்பெனிகால்தான். அவளுக்கும் அதையே கொடுத்தார்கள். ஐந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்ற பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள், அப்போது வழக்கமே அதுதான். ஏழாம் நாள் காலையில் என் மடியில் தலை வைத்தபடி போய்விட்டாள்.

அவள் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைப் படித்துச் சொன்னவளும் நான்தான். அந்த ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வுக் கூடத்தில் எனக்குப் பதினொரு வருட வேலை. கிருமியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகளை அதன்மேல் ஒட்டி, மறுநாள் பார்ப்போம். மருந்து கிருமியைக் கொன்றால் பொட்டைச் சுற்றிச் சுத்தமாக ஒரு வளையம் விழும். கொல்லாவிட்டால் கிருமி பொட்டை ஒட்டிக் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும். அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன், வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். மேஜையில் எலெனின் தட்டு இருந்தது. குளோராம்பெனிகால் பொட்டைச் சுற்றி வளையமே இல்லை. பக்கத்திலேயே ஆம்பிசிலின் பொட்டைச் சுற்றி இருபது மில்லிமீட்டர் வளையம். நான்கு நாள் முன்னால் இந்தத் தட்டைப் பார்த்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருப்பாள். அளவுகோலை வைத்து அளந்தேன், எழுதினேன், பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் தலைவர் தொக்தர் லொக் பாரிஸில் படித்த வியட்நாமியர், அதிகம் பேசாதவர். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசியாமல் போகிறது என்று இரண்டு வருடமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு மஞ்சள் அட்டை. மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் பச்சை அட்டை. மிருகங்களுக்குக் கண்டபடி மருந்து கொடுப்பதால்தான் கிருமிகள் பழகிப்போகின்றன, அந்தப் பழகிய கிருமி மனிதருக்கு வருகிறது என்பது அவருடைய வாதம். பண்ணைக்காரர்கள் யாரும் உண்மை பேசாததால் பச்சை அட்டைகளில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தன.

எலெனின் மஞ்சள் அட்டையை அவர் வெகுநேரம் வைத்துப் பார்த்தார். "இது மாட்டிலிருந்து வருகிற வகை, மதாம் ஐரேன்," என்றார். "உங்கள் வீட்டில் மாடு உண்டா?"

மாடு இல்லை. ஆனால் அகுஸ்தேன் மாமா உண்டு.

மாமா புதுச்சேரிக்காரர், என் கணவருக்குத் தாய்மாமன் முறை, எலெனுக்கு ஞானத்தகப்பன்; பிரெஞ்சில் பரேன் என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் குதிரைக்கும் கழுதைக்கும் ஊசி போடுகிற வேலையில் இருந்தவர். பட்டாளம் கலைந்து போனதும் சைகோனை ஒட்டிய ஃபூ நுவனில் வாய்க்கால் ஓரமாகக் கொட்டில் போட்டுப் பன்னிரண்டு மாடு வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் அங்கே போவோம். கறந்த சூட்டோடு, நுரையோடு, ஒரு தம்ளர் பால் எலெனுக்கு. அப்படிக் குடித்தால் பிள்ளைக்கு உடம்பு தேறும் என்று நம்மவர்கள் எல்லாரும் நம்புகிறோம். நானும் நம்பினேன். வாரம் முழுவதும் கிருமியோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் புத்தி லீவில் போய்விட்டது.

ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு கொட்டிலுக்குப் போனேன். என் கணவர் பிரான்சுவா வேலை தேடி மர்சேய்க்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தந்தி கொடுத்தும் வந்து சேர முடியவில்லை. தனியாகத்தான் போனேன்.

"மாமா, மாட்டுக்கு என்ன மருந்து போடறீங்க?"

அவர் புல் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒரு மருந்தும் போடறதில்ல."

"குளோராம்பெனிகால்?"

கத்தி நின்றது. "அது யாருக்குத் தெரியும். நான் மாட்டுக்காரன், டாக்டர் இல்ல."

"கன்னுக்குட்டிங்களைக் கொஞ்சம் பாக்கணும். சாம்பிள் எடுத்துக்கிறேன்."

"வேணாம்மா. வீட்டுக்குப் போ," என்று சொல்லிப் படலைச் சாத்திவிட்டார். என் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்த மனுஷன், அவள் செத்துப் பதினைந்து நாள் ஆகுமுன் என் முகத்துக்கு நேரே படலைச் சாத்துகிறார். பொய் சொல்கிறார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று தெருவில் நின்றபடியே முடிவு செய்தேன்.

பிடித்துக் கொடுத்தது தயிர்.

எங்கள் சந்தில் மூன்றாவது வீடு ஷரீஃபுன்னிசா லாத்தாவுடையது. நாகூர்ப் பக்கம், அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். புருஷன் துணிக்கடையை மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, சைகோனில் மிச்சமிருந்த தமிழ் வீடுகளுக்குத் தயிர் உறைகுத்திக் கொடுத்துப் பிழைப்பை ஓட்டினார். ஜூன் மாதம் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"என் கையில ஏதோ தோஷம் இருக்கு புள்ளெ. நாப்பது வருசமா உறைகுத்துறேன், இப்ப ஒருநாள் உறையுது, ஒருநாள் தண்ணியா கெடக்குது. எவளோ கண்ணு வச்சிட்டா. உப்பு சுத்திப் போட்டாச்சு, ஓதின தண்ணி தெளிச்சாச்சு. எதிர்வீட்டுக்காரி வந்து நின்னாத்தான் இப்படி ஆவுதுன்னு அவளோட பேச்சையும் விட்டுட்டேன்."

"பால் எங்கே வாங்குறீங்க லாத்தா?"

"ரெண்டு எடம். கீ அம் ரோட்டுல ஒரு கொட்டில். அங்க பத்தாதுன்னா உங்க அகுஸ்தேன் கிட்ட."

தயிர் உறைவதே ஒரு கிருமியால்தான். பாலில் மருந்து இருந்தால் அந்தக் கிருமி செத்துப்போகும், பால் அப்படியே கிடக்கும். நான் ஆஸ்பத்திரியில் தட்டு வைத்துப் பார்க்கிற சோதனையை இந்தப் பெண்பிள்ளை சட்டியில் செய்துகொண்டு, பழியைத் தன் கைமேலும் எதிர்வீட்டுக்காரி கண்மேலும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"உங்க கையில ஒண்ணும் இல்ல லாத்தா. கண்ணும் இல்ல. இனிமே ரெண்டு பாலையும் தனித்தனிச் சட்டியில வைங்க. ஒரே உறைமோர், ஒரே அளவு. எது உறையுதுன்னு சுவத்துல கரிக்கோடு போடுங்க."

ஐந்து வாரம் போட்டார். கீ அம் ரோட்டுப் பால் ஒருநாள் விடாமல் உறைந்தது. மாமா பால் முப்பத்தைந்து நாளில் பத்தொன்பது நாள் உறையவில்லை. லாத்தாவுக்கு என்னைவிட உற்சாகம். "அல்லாவே, அநியாயமா அந்தக் கிழவியோட சண்டை போட்டேனே," என்று போய் எதிர்வீட்டுக்காரியோடு ராசியாகிவிட்டார்.

ஆகஸ்டு முதல் ஞாயிறு, தன் டின் என்கிற எங்கள் பேட்டைக் கோயில் முற்றத்தில், பூசை முடிந்து எங்கள் ஜனங்கள் கூடி நிற்கிற இடத்தில் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களை மதில்மேல் வைத்தேன். ஒன்றில் அசையாத தயிர், மற்றதில் இரண்டு நாளாகியும் ஓடுகிற பால். மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"இது மாமா கொட்டில் பால்," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இதுல மருந்து இருக்கு. மருந்தே போடறதில்லன்னு என்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா சொன்னார். இந்த மருந்துக்குப் பழகின கிருமிதான் எலெனைக் கொன்னுச்சு. உங்க வீட்டுலயும் புள்ளைங்க இருக்குதுங்க."

ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால்கூட நான் அடங்கியிருப்பேனோ என்னவோ. அவர் இரண்டு பாத்திரத்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். அந்த மௌனத்தைவிடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும். அன்றைக்கு மத்தியானம் பல மாதத்துக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கன்னியர் மடமும் ஆஸ்பத்திரியும் அவரிடம் பால் வாங்குவதை நிறுத்தின. தமிழ் வீடுகள் நிறுத்தின. தொக்தர் லொக் ஆள் அனுப்பியபோது மாமா தானே படலைத் திறந்து விட்டார். இரண்டு கன்றுகளின் சாணத்தில் எலெனைக் கொன்ற அதே கிருமி இருந்தது, அதே வளையம் விழாத தட்டு. ஒன்பது மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் போதவில்லை. அவர் என் காலில் விழ வேண்டும், என்ன செய்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும், அதன்பிறகு சாக வேண்டும்.

செப்டம்பர் நடுவில் அவரையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல், கழிச்சல், பிதற்றல். எலெனுக்குப் பிறகு, சேர்த்த அன்றே ரத்தம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து அவருடைய ரத்தத் தட்டு என் மேஜையில் இருந்தது.

கிருமியும் அதுதான், தட்டும் அதுதான். குளோராம்பெனிகாலுக்கு வளையம் இல்லை, ஆம்பிசிலினுக்கு இருபது மில்லிமீட்டர். வார்டில் அவருக்கு மூன்று நாளாகக் குளோராம்பெனிகால்தான் ஏறிக்கொண்டிருந்தது. காரணம், அந்தத் தட்டை நான் இன்னும் படித்துச் சொல்லவில்லை. காலை எட்டு மணி. அன்றைக்கு ஆய்வுக் கூடத்தில் நான் மட்டும்தான். தட்டு அசுத்தமாகிவிட்டது, மறுபடி வைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு நாள் தள்ளிப்போகும். அந்த உடம்பு இரண்டு நாள் தாங்காது.

ஒன்றரை மணி நேரம் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு மறைக்க வேண்டும், சந்தோஷமாக இருந்தது. தேவன் என் செபத்தைக் கேட்டுத் தட்டிலேயே போட்டு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்பதரைக்கு எழுந்து தொக்தர் லொக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரக்கத்தால் இல்லை. செத்துவிட்டால் அந்த ஆள் வாயைத் திறக்க மாட்டாரே, அதனால்தான். பத்து மணிக்கு நர்ஸ் சலைன் பாட்டிலுக்குள் ஆம்பிசிலினைச் செலுத்தினாள். மாமா கண்ணை மூடிக் கிடந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அது தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. மத்தியானம் அவர் விழித்திருந்த நேரம் பார்த்து, ஒரு பச்சை அட்டையும் அந்தத் தட்டுமாகப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் வற்றிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எலெனுக்கு வந்த அதே கிருமி மாமா. இப்ப குடுக்கிற மருந்து அதை ஒண்ணும் பண்ணாது. கேக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. அது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. முழுசா சொன்னா மருந்து. இல்லேன்னா இந்தத் தட்டைக் கழுவி வச்சிட்டு வீட்டுக்குப் போறேன்."

"நீ அப்படிச் செய்யமாட்டே."

"செஞ்சு பாக்கட்டுமா?"

என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார். அறுபத்திரண்டு வயது, பட்டாளத்தில் இருந்தவர், போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

"மருந்து போட்டீங்களா?"

"போட்டேன். மடி வீங்கினா பெனிசிலின். கன்னுங்களுக்கு மத்தது, குளோராம்பெனிகால்."

"எப்பலேர்ந்து?"

"பெனிசிலின் ரொம்ப நாளா. மத்தது போன ஒக்தோபர்லேர்ந்து."

எழுதிக்கொண்டேன். "முதல்ல எந்த மாட்டுக்கு?"

"குச்சிங்கற ஊர்ப் பக்கம் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த குடும்பம் ஒண்ணு ஒரு மாட்டையும் கன்னையும் வித்துச்சு. அந்தக் கன்னுக்கு. ரத்தமா கழிஞ்சுகிட்டு இருந்துச்சு."

"நீங்களா கொடுத்தீங்களா, யாராவது சொல்லிக் கொடுத்தீங்களா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாமா."

"அதை விட்டுடு ஐரேன். நானாத்தான்னு எழுதிக்க."

"பொய் எழுத மாட்டேன். யார் சொன்னது? மருந்துக் கடைக்காரனா?"

இல்லையென்று தலையை அசைத்தார். கண்ணில் நீர் வழிந்தது. பயத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன், நிஜமாகவே போகிற மாதிரி இரண்டு எட்டு வைத்தேன்.

"எலென்," என்றார்.

நான் திரும்பினேன்.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை வருவா. பள்ளிக்கூடம் கிடையாதே அன்னிக்கு. உன்கிட்ட ஞானோபதேசத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு என் கொட்டிலுக்கு வருவா. அந்தக் கன்னுக்கு வாளியில குடிக்கத் தெரியாது. பாலுக்குள்ள கையை விட்டு, விரலை அது வாயில குடுத்துச் சப்ப வச்சுப் பழக்கினவ அவதான். பெபேன்னு பேரு வச்சிருந்தா. அது கழிஞ்சு விழுந்தப்ப, செத்துட்டா தூக்கிப் போட்டுடலாம்னுதான் நான் இருந்தேன். அடம் பிடிச்சு அழுதா. பரேன், அம்மா ஆஸ்பத்திரியில காய்ச்சல்காரங்களுக்குக் குடுக்கிற மருந்து இருக்கு, அதைக் குடுத்தா எதுவும் பொழச்சுக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க, அதை வாங்கியாங்கன்னா. பேரைக்கூடச் சொன்னா."

சொல்லியிருப்பாள். குளோராம்பெனிகால், குளோராம்பெனிகால் என்று சாப்பாட்டு மேஜையில் ஓயாமல் பெருமையடித்தவள் நான்தானே.

"வாங்கியாந்தேன். அவளே வாளியில கரைச்சா. மூணு நாள்ல கன்னு எழுந்து நின்னுச்சு. அவ சந்தோஷத்தைப் பாத்துட்டு, இவ்வளவு நல்ல மருந்தான்னு எல்லாக் கன்னுக்கும் குடுக்க ஆரம்பிச்சேன். தப்பு என்னுதுதான், அவ சின்னப் புள்ளை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"என்னன்னு சொல்றது? செத்த புள்ளை மேலயே பழியைப் போடறான் கிழவன்னு நினைப்பே. இல்லேன்னா நம்புவே, அது அதைவிட மோசம். மருந்தே போடலன்னு சொல்லிட்டா அதோட போச்சுன்னு இருந்தேன். கோயில்ல நீ அப்படிப் பேசினப்ப கூட, சரி, என்னைத் திட்டிக்கிட்டாவது நடமாடுறாளேன்னுதான் தோணுச்சு." மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேன்ல. இப்ப அந்த மருந்தைக் குடுக்கச் சொல்லும்மா," என்றார்.

"குடுத்தாச்சு," என்றேன்.

"எப்ப?"

"காலையில பத்து மணிக்கே."

அவர் தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை கொதித்தது.

"அப்ப உன்கிட்ட இதைச் சொல்லியிருக்கவே வேணாமே. இப்படிப் பண்ணிக்கிட்டியே, ஐரேன்."

நர்ஸ் வந்து அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டது என்றாள். நான் எழுந்து வழிவிட்டேன். மாமா பிழைத்துக்கொள்வார், கேட்கிற மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது என்று அவளே சொன்னாள். எட்டு மாதமாக அந்த ஆளைச் சபித்துச் சபித்துத்தான் நான் காலையில் படுக்கையை விட்டு எழுந்தேன். நாளைக்கு யாரைச் சபித்து எழுந்திருப்பது என்று தெரியவில்லை.